சப்ளையரிடமும் வாடிக்கையாளரிடமும் நல்ல பெயர் நிலைக்க நடைமுறையில் என்ன செய்ய வேண்டும்?

பெட்டித்தொழில் கேட்டது:

வணக்கம். அட்டைப் பெட்டி செய்து கொடுக்கும் சிறு தொழில். நான்கு பேர் வேலை செய்கிறார்கள். அட்டை, பசை, மை தருகிறவர்கள் ஆறு பேர்; நிலையான வாடிக்கையாளர்கள் இருபத்தைந்து பேர் வரை இருக்கிறார்கள்.

"தொழிலில் உறவு முக்கியம்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். வாழ்த்து அனுப்புவது, நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவது தவிர அதில் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் விளக்குவதில்லை. எனக்கு வேண்டியது மூன்று: சப்ளையருக்குப் பணம் கொடுக்கத் தாமதமாகும்போது எப்படிச் சொல்வது? பாக்கி கேட்டால் வாடிக்கையாளர் மனம் கோணுவாரோ என்ற தயக்கத்தை எப்படித் தாண்டுவது? பழைய தொடர்புகள் விட்டுப்போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் இதற்கு ஒதுக்க முடியாது.

கொள்முதல் மேசை:

ஐயா, முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மற்றதற்கு இங்கே என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

தட்டுப்பாடு வரும் வாரத்தில், கையிருப்பில் உள்ள காகித ரோல்களை யாருக்கு அனுப்புவது என்று சப்ளையர் முடிவெடுத்தாக வேண்டும். நிறைய வாங்குபவருக்கு முதலிடம். அடுத்த இடம், சொன்ன தேதியில் பணம் போட்டவருக்கு. சிறு தொழிலுக்கு எட்டுகிற இடம் அந்த இரண்டாவதுதான்.

அதற்கு முதலில் கெடு எது என்பது இருவருக்கும் ஒன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். "முப்பது நாள் கடன்" என்று வாயால் பேசி முடித்துவிடுகிறார்கள். எதிலிருந்து முப்பது நாள்? ஜூன் 5 பில், சரக்கு வந்து இறங்கியது ஜூன் 9 என்று வையுங்கள். பில் தேதியிலிருந்து எண்ணினால் கெடு ஜூலை 5. சரக்கு வந்த தேதியிலிருந்து எண்ணினால் ஜூலை 9. மாதக் கடைசியிலிருந்து எண்ணினால் ஜூலை 30. ஒரே வார்த்தைக்கு 25 நாள் வித்தியாசம். அவர் ஜூலை 5-ஐ எதிர்பார்க்க, நீங்கள் 30-ஆம் தேதி போட்டால், உங்கள் கணக்கில் நீங்கள் யோக்கியர். அவர் கணக்கில் இழுத்தடிப்பவர். ஆகவே கொள்முதல் ஆர்டரிலேயே "பில் தேதியிலிருந்து 30 நாள்" என்று எழுதிவிடுங்கள்.

வாரத்தில் ஒரு நாளைப் பணம் போடும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். பணம் போட்டதும் எந்தெந்த பில்லுக்கு, ஏதாவது கழித்திருந்தால் எதற்காக என்று இரண்டு வரி அனுப்புங்கள். இல்லாவிட்டால் அவர்கள் அதை "கணக்கில் வந்த தொகை" என்று பொதுவாக வரவு வைப்பார்கள். பழைய பில் திறந்தபடியே கிடக்கும். ஆறு மாதம் கழித்து வரும் சண்டைகளில் பாதி இப்படித்தான் தொடங்குகிறது. மாதம் ஒருமுறை அவர்களுடைய லெட்ஜர் (கணக்கேடு) நகலை வாங்கி உங்களுடையதோடு ஒத்துப் பாருங்கள். ஆறு சப்ளையருக்கு ஒரு பிற்பகல் போதும்.

இனி தாமதம். கெடு தாண்டிய பிறகு சொல்வது சாக்கு. கெடுவுக்கு மூன்று வேலை நாள் முன்பே சொல்வது தகவல். செய்தி இப்படி இருக்கலாம்:

"பில் எண் 214, கெடு 12-ஆம் தேதி. அன்று 60 சதவீதம் அனுப்பிவிடுகிறேன். மீதி 40 சதவீதம் 26-ஆம் தேதி. எங்களுக்கு வரவேண்டிய ஒரு தொகை தள்ளிப்போனதுதான் காரணம். அதுவரை கடனில் புதிய ஆர்டர் தர மாட்டேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். தாமதத்தைவிட, பாக்கி ஏறிக்கொண்டே போகுமோ என்பதுதான் சப்ளையரின் பயம். இரண்டாவது தேதியைக் கொஞ்சம் தள்ளியே சொல்லுங்கள். முதல் தாமதத்தை எல்லோரும் பொறுப்பார்கள், சொன்ன மறுதேதியும் தவறினால் முன்பணம் கேட்பார்கள்.

சரக்கில் குறை வந்தால் 48 மணி நேரத்துக்குள் சொல்லுங்கள், அளந்து சொல்லுங்கள். "அட்டை மெலிசா இருக்கு" என்றால் அவரால் மில்லிடம் எதுவும் பேச முடியாது. ரோலின் காகிதத்தில் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. துண்டுகளாக ஐந்து வெட்டி, கிராமில் நிறுத்து, சராசரியை 100-ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் கிராம் எடை, வந்துவிடும். 150 கேட்ட இடத்தில் 138 வருகிறது, ரோல் எண் இது, இந்தப் படத்தில் இருக்கிறது, மாற்று ரோல் வேண்டும் அல்லது கிரெடிட் நோட் (அந்தத் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) வேண்டும் என்று எழுதுங்கள். அந்த லாட்டைத் தனியாக எடுத்து வையுங்கள். பாதியை ஓட்டிவிட்டுப் புகார் சொன்னால் எடுபடாது. பதில் வருவதற்குள் நீங்களாகப் பணத்தைக் கழித்துக்கொள்ளவும் கூடாது. உங்களுக்காகப் பரிந்து பேசக்கூடிய அவர்களுடைய விற்பனையாள்தான் அதனால் முதலில் மாட்டிக்கொள்வார்.

ஒன்றை மறந்துவிட்டேன். அடுத்த மூன்று மாதத் தேவையை முன்கூட்டியே கொடுங்கள்: முதல் மாதம் உறுதியான அளவு, இரண்டாவது மாதம் 20 சதவீதம் கூடலாம் குறையலாம், மூன்றாவது மாதம் உத்தேசம். அவருக்கும் மில்லில் முன்பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. பணம் செலவாகாமல் சப்ளையருக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி இது.

வரவு பக்கம்:

பாக்கி கேட்பதால் உறவு கெடுவதில்லை. கேட்காமல் தொண்ணூறு நாள் விட்டுவிட்டு, பிறகு ஒரு நாள் பொறுமையிழந்து கத்துவதால்தான் கெடுகிறது. அதுவரை எதுவும் சொல்லாததால், உங்களுக்கு அவசரமில்லை என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

பணம் வராததற்குப் பல நேரம் காரணம் மனமின்மை அல்ல, காகிதம். பில்லில் பிஓ எண் (கொள்முதல் ஆர்டர் எண்) இல்லை, நிறுவனப் பெயர் அவர்கள் பதிவேட்டில் உள்ளபடி இல்லை, வரி எண் தவறு, கையெழுத்திட்ட டெலிவரி சலான் இணைக்கப்படவில்லை, சலானில் 480 பெட்டி, பில்லில் 500. இதில் ஒன்று இருந்தாலும் பில் யாரோ ஒருவரின் தட்டில் கிடக்கும். உங்களுக்கு யாரும் தகவல் சொல்ல மாட்டார்கள். அதனால் பில் அனுப்பிய மூன்றாம் நாள் ஒரு போன்: "பில் கிடைத்ததா, எல்லாம் சரியாக இருக்கிறதா?" இது பணம் கேட்கும் போன் இல்லை என்பதால் தயக்கமும் இருக்காது. அதே அழைப்பில் அவர்கள் எந்தத் தேதிகளில் பணம் போடுகிறார்கள், அதற்கு எத்தனை நாள் முன்பு பில் ஒப்புதல் ஆகியிருக்க வேண்டும் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 10, 25 என்று இரண்டு நாள்தான் போடுகிறார்கள் என்றால், 11-ஆம் தேதி எவ்வளவு கெஞ்சினாலும் 25-தான்.

பேச வேண்டியது அக்கவுண்ட்ஸில் அந்த வேலையைச் செய்கிறவரிடம். எடுத்த எடுப்பில் முதலாளிக்குப் போன் போட்டால், அக்கவுண்ட்ஸ் ஆளை மாட்டிவிட்டது போலாகும். அடுத்த பில்லும் அவர் கையில்தான் போகப்போகிறது.

கெடுவுக்கு ஐந்து நாள் முன்பு ஒரு நினைவூட்டல், கெடு நாளன்று ஒரு வரி, கெடு தாண்டி ஏழாம் நாள் போன், பதினைந்தாம் நாள் எழுத்தில் கேட்டு ஒரு தேதி வாங்குதல், முப்பதாம் நாள் புதிய கடன் நிறுத்தம். இதை முதல் ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். எல்லோருக்கும் ஒரே ஒழுங்கு என்று தெரிந்தால் யாரும் தனக்கு அவமானம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆளுக்கு ஒரு கடன் வரம்பும் வையுங்கள். லாபம் 10 சதவீதம் என்றால், ஒரு லட்சம் வராமல் போனதை முதலும் லாபமுமாக ஈடுகட்ட இன்னும் பத்து லட்சத்துக்கு விற்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் தயக்கம் தானாகக் குறையும்.

மேலே எழுதியவர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். "10 நாளில் கொடுத்தால் 2 சதவீதம் தள்ளுபடி, இல்லையேல் 30 நாள்" என்று சப்ளையர் சொன்னால், கையில் பணம் இருக்கும்போது எடுத்துக்கொள்ளுங்கள். 20 நாள் முன்னதாகக் கொடுப்பதற்கு 2 சதவீதம் என்பது ஆண்டுக் கணக்கில் சுமார் 37 சதவீத வட்டிக்குச் சமம். அதே காரணத்துக்காக, அந்தத் தள்ளுபடியை உங்கள் வாடிக்கையாளருக்கு யோசிக்காமல் கொடுத்துவிடாதீர்கள்.

தொடர்பேடு:

முப்பதாம் நாள் நிறுத்தம் என்பதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. நிறுத்துவதற்கு முன், நம் பக்கம் தீராத புகார் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 500 பெட்டியில் 40 கிழிந்திருந்து, அதற்கு நாம் பதில் சொல்லாமல் இருந்தால், மொத்த பில்லும் நிற்பதில் நியாயம் இருக்கிறது. தகராறு 40 பெட்டிக்குத்தான். 460-க்கான பணத்தை இப்போது கொடுங்கள், மீதியைப் பேசி முடிப்போம் என்று பிரித்துக் கேளுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். செயலி எதுவும் வேண்டாம், ஒரு எக்செல் ஷீட் போதும். பெயர், நிறுவனம், அங்கே அவர் என்ன முடிவெடுக்க முடியும், கடைசியாகப் பேசிய தேதி, என்ன பேசினோம், யார் யாருக்கு என்ன தருவதாகச் சொன்னோம், அடுத்த தேதி. கடைசியில் உள்ள "அடுத்த தேதி" நெடுவரிசையை வைத்து ஷீட்டை வரிசைப்படுத்தினால் இன்று யாரை அழைக்க வேண்டும் என்பது மேலே நிற்கும். முக்கியமான பதினைந்து பேருக்கு மாதம் ஒருமுறை, அடுத்த நாற்பது பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்தால் மாதம் முப்பதுக்கும் குறைவான அழைப்புகள். ஒரு வேலை நாளுக்கு ஒன்று, சில நாள் இரண்டு. உங்கள் அரை மணிக்குள் அடங்கும்.

சும்மா "எப்படி இருக்கீங்க" என்று அழைப்பது இருவருக்கும் சங்கடம். அவருக்குப் பயன்படும் ஒன்றோடு போங்கள்: அட்டை விலை ஏறப்போகிறது, அடுத்த மாத ஆர்டரை இப்போதே கொடுத்தால் பழைய விலை; போன லாட்டின் அச்சு நிறம் சரியாக இருந்ததா; நீங்கள் தேடிய லேபிள்காரர் ஒருவரைத் தெரியும், எண் தரட்டுமா. அறிமுகம் செய்யும் முன் இரு பக்கமும் தனித்தனியாக அனுமதி கேளுங்கள். கேட்காமல் எண்ணைக் கொடுத்தால் இருவரிடமும் கெட்ட பெயர் வரலாம்.

தொடர்பு விட்டுப்போனவர்களையும் ஷீட்டில் வைத்திருங்கள். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் புது வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். வாரம் இருமுறையாவது பார்ப்பதாகச் சொன்னவர்கள் சுமார் 17 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 56, ஆண்டுக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ என்றவர்கள் 28 சதவீதம். அது வேலை தேடியவர்களைப் பற்றியது என்றாலும் காரணம் தொழிலுக்கும் பொருந்தும்: தினம் பார்ப்பவருக்கு உங்களுக்குத் தெரிந்ததே தெரியும். வேறு வட்டத்தில் இருப்பவரிடம்தான் புதுச் செய்தி இருக்கும்.

ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் குறைந்தது இரண்டு பேரைத் தெரிந்திருக்க வேண்டும். கொள்முதல் பார்ப்பவர் ஒருவர், சரக்கை இறக்கிப் பயன்படுத்துபவர் ஒருவர். கொள்முதல்காரர் வேலை மாறிப் போனால் உங்கள் பத்து வருட உறவும் அவரோடு போய்விடும். போனவரையும் விடாதீர்கள், அவர் போன இடத்திலும் பெட்டி வாங்குவார்கள்.

பெட்டித்தொழில்:

எல்லோருக்கும் நன்றி. இன்னொன்று. விற்பனையில் பாதி ஒரே வாடிக்கையாளருக்குப் போகிறது. 5 சதவீதம் விலை குறைக்கச் சொல்கிறார். முடியாது என்றால் உறவே போய்விடுமோ என்று இருக்கிறது. என் மார்ஜின் (விற்பனை விலையில் லாபம்) 20 சதவீதம்.

வரவு பக்கம்:

100-க்கு விற்றால் 20 நிற்கிறது. 95-க்கு விற்றால் 15. பழைய லாபம் வர, இப்போது 100 பெட்டி வாங்கும் இடத்தில் அவர் 133 வாங்க வேண்டும். அந்த 33-ஐ நான்கு பேரால் கூடுதல் நேரக் கூலி இல்லாமல் செய்ய முடியுமா என்று முதலில் பாருங்கள். இந்தக் கணக்கை அவரிடம் காட்ட வேண்டாம், உங்களுக்கு மட்டும்.

அவரிடம் "முடியாது" என்று சொல்லாதீர்கள். "எதற்குப் பதிலாக" என்று பேசுங்கள். அவர் இப்போது பதினொரு அளவுகளில் வாங்குகிறார் என்றால் ஆறாகக் குறைக்கச் சொல்லுங்கள். அளவு மாறும்போதெல்லாம் இயந்திரம் நிற்கிறது, அட்டை வீணாகிறது. அது மிச்சமானால் 2 சதவீதம் நிஜமாகவே கொடுக்கலாம். 45 நாள் கடனை 15 ஆக்கினால் இன்னும் ஒரு சதவீதம். மாத அளவை முன்கூட்டி உறுதி செய்தால் அட்டையை நல்ல விலைக்குப் பேசி வாங்கலாம், அதில் ஒரு பங்கு. கொடுக்கும் தள்ளுபடியைப் பில்லில் தனி வரியாகக் காட்டுங்கள், அடிப்படை விலையைத் தொடாதீர்கள். அளவுகள் மறுபடி பதினொன்றானால் அந்த வரி மட்டும் போகும். விலை ஏற்றியதாக ஆகாது.

கொள்முதல் மேசை:

வாங்கும் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். விலை குறைக்கச் சொல்லிக் கேட்பது கொள்முதல்காரரின் வேலை. அதில் கோபம் எதுவும் இல்லை. அவர் மேலே காட்ட ஒரு எண் வேண்டும், அவ்வளவுதான். வரவு பக்கம் சொன்ன, பெட்டி அளவுகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் யோசனையை எழுத்தில், பழைய நிலை, புதிய நிலை என்று ஒரே பக்கத்தில் கொடுத்தால் அவர் அதையே மேலே அனுப்பிவிடுவார். கூடவே, அட்டை விலை 5 சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ இரு பக்கமும் விலையைத் திரும்பப் பேசலாம் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், ஆறு மாத மறுபரிசீலனைத் தேதியோடு. இறங்கும்போதும் பேசலாம் என்று இருந்தால் அந்த வரியை ஏற்க அவர் தயங்க மாட்டார்.