ஜெய்சால்மர் கோட்டை, ஹவேலிகள் (பழைய மாளிகை வீடுகள்): போய் வந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ராஜஸ்தானின் ஜெய்சால்மர் போகிறவர்கள் பலரும் ஒட்டகச் சவாரி, மணல்மேட்டில் சூரிய அஸ்தமனம், கூடாரத்தில் பாட்டு ஆட்டம் என்று ஒரு ராத்திரியைக் கழித்துவிட்டு, மறுநாள் ரயிலுக்கு முன்னால் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் கோட்டையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அது தாங்கவில்லை. அந்த ஊர்க் கட்டடங்களைப் பார்க்கவே போய்த் தங்கியவர்கள் இங்கே இருப்பீர்கள், உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். முதலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

எல்லோரும் கோட்டையில் ஆரம்பிப்பார்கள். நான் சொல்வது, கடீசர் ஏரியில் ஆரம்பியுங்கள், அதுவும் விடியற்காலையில். 14ஆம் நூற்றாண்டில் ஜெய்சால்மர் மன்னர் மகாராவல் கர்சி சிங் செப்பனிட்டுப் பெருக்கிய ஏரி. வருஷத்துக்குச் சராசரியாகச் சுமார் 20 சென்டிமீட்டரே பெய்யும் மழையை வைத்துக்கொண்டு ஒரு ராஜ்ஜியமே நடந்திருக்கிறது என்றால் அதற்கு இந்த ஏரிதான் காரணம். குழாய்த் தண்ணீர் வரும்வரை ஊர் முழுக்க இதைத்தான் குடித்தது. மழைத்தண்ணீர் வழிந்து வரும் சுற்றுப்புற மேட்டு நிலத்துக்கு ஆகோர் என்று பெயர், அதை அசுத்தப்படுத்தாமல் காப்பது ஊர்க் கட்டுப்பாடு. ஏரிக்குப் போகும் வழியில் மஞ்சள் கல்லில் அழகான ஒரு வாசல் நிற்கிறது, தீலோன் கி போல் (அங்கே போல் என்றால் வாசல்). தீலோன் என்ற கணிகை கட்டியது என்கிறார்கள். அவள் கட்டிய வாசலுக்கடியில் அரச குடும்பம் தண்ணீருக்குப் போவதா என்று இடிக்கச் சொல்லிவிடுவார்களோ என்று, மேலே கிருஷ்ணர் கோயிலையும் சேர்த்துக் கட்டிவிட்டாளாம். கதை எவ்வளவு நிஜமோ தெரியாது, ஆனால் வாசல் இன்றும் நிற்கிறது, எல்லோரும் அதன் வழியாகத்தான் போகிறோம்.

அங்கிருந்து கோட்டைக்கு நடந்தே போய்விடலாம். 1156இல் ராவல் ஜெய்சல் திரிகூட மலைமேல் கட்ட ஆரம்பித்த கோட்டை, 99 கொத்தளங்கள். அகை போல், சூரஜ் போல், கணேஷ் போல், ஹவா போல் என்று வரிசையாக நான்கு வாசல், ஒவ்வொன்றுக்கும் நடுவில் பாதை வளைந்து ஏறுகிறது. யானையோ குதிரையோ வேகமெடுத்து வந்து கதவை மோத முடியாது. மதில்மேல் உருண்டைக் கற்களை அடுக்கி வைத்திருப்பதைக் கீழிருந்தே பார்க்கலாம், முற்றுகை வந்தால் உருட்டிவிடத் தயாராக வைத்தது.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது இதெல்லாம் இல்லை. உள்ளே ஜனங்கள் குடியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், மாவரைக்கிற சத்தம், தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும் மாடு, எல்லாம் அந்த மதிலுக்குள்தான். பல வீடுகளின் வெளிச்சுவரில் வாசலையொட்டிப் பெரிய பிள்ளையார் படம், அதற்குக் கீழே மாப்பிள்ளை பெண் பெயர், முகூர்த்த தேதி. கல்யாணப் பத்திரிகையையே சுவரில் எழுதிவிடுகிறார்கள். ஒரு வீட்டில் அதை நான் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தபோது திண்ணையில் இருந்த பாட்டியம்மா கூப்பிட்டு உட்காரவைத்தார். அது கடைசிப் பையன் கல்யாணமாம், அடுத்தது பேத்திக்கு, அப்போதுதான் புதிதாக வரைவார்களாம். என் அரைகுறை இந்தியில் பேச்சு எப்படியோ தண்ணீருக்கு வந்தது. தான் மருமகளாக வந்தபோது ஒவ்வொரு குடமும் கீழிருந்து தலையில் ஏறி வரவேண்டியது, பாத்திரத்தை மணலும் சாம்பலும் போட்டுத் தேய்த்தோம், குளித்த தண்ணீரைக்கூடக் கொட்டியது கிடையாது என்றார். அப்புறம் உள்ளே கூட்டிப்போய்ப் பின்சுவரைக் காட்டினார். தரையிலிருந்து இடுப்பளவுக்கு ஈரம் ஏறி, கல் பொரிந்து உதிர்ந்து, விரல் நுழைகிற அளவுக்கு ஒரு விரிசல் கூரைவரைக்கும் போயிருந்தது.

இதுதான் அந்தக் கோட்டையின் இன்றைய நிலைமை. குடத்தில் தண்ணீர் வந்த காலத்துக்குக் கட்டிய ஊர் அது. மழைத்தண்ணீர் நாலு பக்கமும் வெளியே போக கூட் நாலி என்று ஒரு ஏற்பாடு பழைய காலத்திலேயே இருந்தது. ஆனால் குழாயும், கழிவறையும், அதற்குமேல் ஓட்டல்களும் வந்தபிறகு தினமும் இறங்குகிற தண்ணீரைத் தாங்க அதனால் முடியவில்லை. மலையின் உள்ளே இருக்கும் களிமண் அடுக்கு ஊறி இளகுகிறது, மேலே இருக்கும் மதில் நகர்கிறது. 1990களின் கடைசியில் சில கொத்தளங்களே சரிந்தன. 2001 குஜராத் பூகம்பம் தன் பங்குக்கு உலுக்கியது. 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் ராஜஸ்தானின் மற்ற மலைக்கோட்டைகளோடு இதுவும் சேர்ந்தது, நல்லதுதான், ஆனால் 2024 ஆகஸ்ட் மழையில்கூட மதிலின் ஒரு பகுதி விழுந்தது. அதனால் போகிறவர்களிடம் நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்பது ஒன்றுதான்: கோட்டைக்குள் தங்காதீர்கள். கீழே ஊரில் அறை எடுங்கள், மொட்டைமாடியிலிருந்து கோட்டை முழுசாகத் தெரியும்.

*

அண்ணா, உள்ளே தங்காதீர்கள் என்று சொன்னீர்களே, அதற்கு நன்றி. எங்களுக்கு அலுவலகத்தில் ஒருவர் கோட்டைக்குள்ளேயே அறை போட்டுக்கொடுத்திருந்தார். இவர் இதைப் பற்றி எங்கேயோ படித்துவிட்டு, வேண்டாம் என்று கீழே மாற்றிக்கொண்டோம்.

நான் சமணக் கோயில்களைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் என் மாமியாரோடு போய் அங்கேதான் அதிக நேரம் இருந்தோம். கோட்டைக்குள் ஒட்டி ஒட்டி ஏழு கோயில்கள், 12இலிருந்து 16ஆம் நூற்றாண்டுக்குள் கட்டியவை. தோல் பொருள் எதுவும் உள்ளே போகக்கூடாது, பெல்ட்டையும் கைப்பையையும் வெளியே வைத்துவிட்டுப் போனோம். வெளியாட்களுக்குக் காலையில்தான் நேரம், அதனால் முதலில் இதைப் பார்த்துவிடுங்கள். பார்சுவநாதர் கோயில் தோரணத்தைப் பார்த்து அத்தை அப்படியே நின்றுவிட்டார்கள். கல்லென்றே நம்பமுடியவில்லை, தேரில் தொங்கவிடும் தொம்பை மாதிரி இருக்கிறது என்றார்கள்.

கோயிலுக்கடியில் ஞான பண்டார் என்று ஒரு நூலகம், பழைய ஓலைச்சுவடிகளைப் பாதுகாக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டியில் கொஞ்சம் பார்வைக்கு வைத்திருந்தார்கள். நம் ஊரில் எழுத்தாணியால் கீறி மை தடவுவோம், அங்கே பேனாவால் மையிலேயே எழுதியிருக்கிறார்கள். அவர்களிடம் இருக்கும் படம் வரைந்த சுவடி ஒன்று 1060ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கோட்டை கட்டுவதற்கே முந்தையது! படையெடுப்புக்குப் பயந்து குஜராத்தின் பாட்டணிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் சுவடிகள் இந்தப் பாலைவனத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஈரம் இல்லாத காற்று அவற்றைக் காப்பாற்றியது. நீங்கள் எழுதிய விரிசலைப் படித்ததும் எனக்கு அந்தச் சுவடிகள்தான் ஞாபகம் வந்தன, அங்கே ஈரம் ஏறிவிடக்கூடாதே என்று பதறுகிறது.

*

நான் கட்டட வேலையில் இருக்கிறவன், அதனால் கல்லைப் பற்றி எழுதாமல் இருக்கமுடியாது. எல்லோரும் அதை மணற்கல் என்கிறார்கள், அங்கே அதிகம் வெட்டுவது மஞ்சள் சுண்ணாம்புக்கல். டைனோசர் காலத்துக் கடலடியில் படிந்தது, உற்றுப் பார்த்தால் சில கற்களில் கிளிஞ்சல் தடம்கூடத் தெரியும். காலை வெயிலில் வெளுப்பாக இருக்கும், சாயங்காலம் தேன் நிறத்துக்கு வந்துவிடும்.

பட்வோன் கி ஹவேலிதான் அங்கே பெரிது. குமான் சந்த் பட்வா என்ற வணிகர் 1805இல் ஆரம்பித்து, ஐந்து பிள்ளைகளுக்கு ஐந்து வீடு, முடிக்க ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆனது. சிந்துக்கும் அதற்கப்பாலும் ஒட்டகத்தில் சரக்குப் போன காலத்துப் பணம். பம்பாய்த் துறைமுகம் வளர்ந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது, 1947இல் எல்லை வந்ததும் மிச்சமும் போனது. சந்து ரொம்பக் குறுகல், முழு முகப்பையும் போட்டோவில் அடக்க முடியாது. அதற்காக வருத்தப்படாமல் கிட்டே போய் கல் சேர்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். பெரும்பாலும் சாந்தே கிடையாது. ஒரு கல்லில் நாக்கு, அடுத்த கல்லில் காடி, தேவையான இடத்தில் இரும்புக் கவ்வி, மர வேலைபோலவே கோத்திருக்கிறார்கள். ஒரு கல் கெட்டால் அதைமட்டும் கழற்றி வேறு கல் மாட்டலாம்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பக்கத்துச் சந்தில் ஒரு பழைய வீட்டு ஜன்னலுக்கு ஜாலி என்கிற ஓட்டை ஓட்டையான கல் திரை செதுக்கிக்கொண்டிருந்த கல்தச்சர் காட்டினார். பெரியவர், வெற்றுக்காலால் பலகையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஈரத்துணியால் ஒரு தடவை துடைப்பார், பென்சில் கோடு பளிச்சென்று தெரியும், அப்புறம் சின்ன உளியால் நாலே தட்டு, மறுபடி துடைப்பு. ஒரு இதழை முடித்துவிட்டு என்னிடம் கொடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கச் சொன்னார். முன்பக்கம் அகலமாகவும் பின்பக்கம் குறுகியும் ஓட்டையைச் சரித்து வெட்டியிருந்தார். பகலில் தெரு வெளிச்சமாகவும் உள்ளே இருட்டாகவும் இருப்பதால் உள்ளேயிருந்து பார்ப்பவருக்குத் தெரு தெரியும், தெருவிலிருப்பவருக்கு உள்ளே தெரியாது. பக்கத்து வீட்டு விரிசலில் யாரோ சிமெண்ட் அப்பியிருந்ததைக் காட்டித் தலையில் அடித்துக்கொண்டார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது, உள்ளே தங்கும் உப்பு கல்லைத்தான் பொரிய வைக்கும். பாட்டியம்மா வீட்டுச் சுவரில் நீங்கள் பார்த்தது அநேகமாக இதேதான், யாராவது பூசியிருப்பார்கள். தெரிந்தவர்கள் அங்கே போனால் சுண்ணாம்புச் சாந்துதான் வைக்கவேண்டும் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

நத்மல் ஹவேலியையும் விட்டுவிடாதீர்கள். 1885இல் திவான் நத்மலுக்காக ஹாதி, லாலு என்று அண்ணன் தம்பி இருவர் இடது பாதி ஒருவர், வலது பாதி ஒருவர் என்று கட்டியது. தூரத்தில் ஒன்றுபோல இருக்கும், கிட்டே போனால் எந்தப் பூவும் ஜோடி சேராது. சைக்கிள், ரயில் எஞ்சின்கூடச் செதுக்கியிருக்கிறார்கள். அந்த ஊருக்கு ரயில் வந்ததே 1960களில்தான், அதற்கு எண்பது வருஷம் முன்னால் கல்லில் வந்துவிட்டது.

*

குல்தாரா பற்றி யாரும் எழுதவில்லையே. ஊரிலிருந்து மேற்கே 18 கிலோமீட்டர், ஆள் இல்லாத கிராமம். வண்டிக்காரர் ஏறினதிலிருந்து பேய்க்கதைதான் சொல்லிக்கொண்டு வந்தார். கொடுமைக்கார திவான் சலீம் சிங் ஒரு பெண்ணைக் கேட்டான், ஒரே ராத்திரியில் பாலிவால் பிராமணர்கள் அத்தனை பேரும் சபித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள் என்று. அதே சலீம் சிங்கின் ஹவேலி ஊருக்குள் இருக்கிறது, மேல்மாடியில் மயில் தாங்கிகளோடு, அழகான கட்டடம்.

எனக்கு அந்தப் பேய்க்கதையில் வருத்தம் உண்டு, அதனால் அங்கே வாழ்ந்தவர்களின் கெட்டிக்காரத்தனம் மறைந்துபோகிறது. காதீன் என்று ஒரு முறை வைத்திருந்தார்கள். சரிவான நிலத்தின் கீழ்க்கோடியில் நீளமாக மண் கரை போட்டு, பெய்கிற கொஞ்ச மழையும் ஓடிவந்து அங்கே தேங்கி ஊறும்படி விட்டு, தண்ணீர் வற்றியதும் அந்த ஈரத்திலேயே குளிர்காலத்தில் கோதுமை விதைத்தார்கள். பாலைவனத்தில் கோதுமை! ஜெய்சால்மர் பக்கம் இன்றைக்கும் காதீனில் விவசாயம் நடக்கிறது. கிணறுகள் வற்றியதாலும் வரிக்கொடுமையாலும் ஜனங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறியிருக்கலாம் என்கிறார்கள், நிலநடுக்கமும் காரணமாக இருக்கலாம் என்று ஓர் ஆய்வும் வந்திருக்கிறது. இடிந்த வீடுகளில் நடந்தால் நேர்நேரான தெரு, வீட்டுக்கு வீடு முற்றம், நல்ல திட்டத்தோடு கட்டிய ஊர் என்று உடனே புரியும். தயவுசெய்து சுவர்மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள், நாங்கள் இருந்தபோதே ஒரு கூட்டம் ஏறி நின்று நாலு கல்லை உருட்டிவிட்டது, காவலாளி கத்திக்கொண்டே ஓடிவந்தார்.

*

எல்லோருக்கும் நன்றி. சிமெண்ட் பற்றிச் சார் எழுதியது நெஞ்சில் தைத்தது, அந்தச் சுவரின் அடியில் சாம்பல் நிறப் பூச்சு இருந்தது உண்மைதான். அடுத்த தடவை போனால் அந்தக் கல்தச்சர் இருக்கும் சந்தைக் கேட்டுக்கொண்டு பாட்டியம்மா வீட்டுக்குக் கூட்டிப்போகலாமா என்று பார்க்கிறேன். சந்து எங்கே என்று அடையாளம் சொல்லுங்கள் சார்.

போகிற வழி தெரியவேண்டியவர்களுக்கு: மன்னார்குடியிலிருந்து ஜோத்பூர் பக்கத்திலுள்ள பகத் கி கோட்டி வரை வாராந்திர ரயில் இருக்கிறது, ஜோத்பூரிலிருந்து ஜெய்சால்மருக்கு ரயிலும் பேருந்தும் கிடைக்கும். நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போய்விடுங்கள், ராத்திரிக் குளிருக்குக் கம்பளி கட்டாயம் வேண்டும். வயசானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் கோட்டை ஏற்றத்துக்கு ஆட்டோ வைத்துக்கொள்ளலாம், கோட்டைக்குள் இருக்கும் தசரா சௌக் சதுக்கம் வரை வரும், அதற்குமேல் சந்துகளில் நடைதான்.

லோதுர்வா போய் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஜெய்சால்மருக்கு முன்னால், அதை ஆண்ட பட்டி ராஜபுத்திரர்களின் தலைநகரம் அதுதான். அங்கே இருக்கும் சமணக் கோயிலின் தோரண வாசலைப் பற்றி யாராவது விவரமாக எழுதினால் நன்றாக இருக்கும்.