எக்ஸ்ட்ராக்‌ஷன் ரேட்டுக்கு ‘மாவுக் கண்டுமுதல்’னு வைக்கலாமே

எல்லாருக்கும் வணக்கம்.

ரொட்டி, மாவு சம்பந்தமான ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடற நம்ம பேச்சுல என் பங்கு இது. முதல்ல ‘வீட் பெர்ரி’, அதாவது அரைக்காத முழுக் கோதுமை மணி, அதைப் பத்தி ஒரு வார்த்தை. ‘கோதுமைக் கனி’ன்னு ஒரு பரிந்துரை வந்திருக்கு, தாவரவியல்படி அதுல தப்பில்ல, புல்லினத்துல கனித்தோலும் விதைத்தோலும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியே இருக்கறதால அது கனிதான். ஆனா மளிகைக் கடையில போய் ரெண்டு கிலோ கோதுமைக் கனி குடுங்கன்னு யாரும் கேக்கப் போறதில்ல. நெல்மணி இருக்கு, அதே வழியில கோதுமை மணி. சமையல் குறிப்புல ‘முழுக் கோதுமை’ன்னாலே போதும். இதோட விட்டுடலாம்.

நான் எழுத வந்தது எக்ஸ்ட்ராக்‌ஷன் ரேட் பத்தி. அரைக்கற கோதுமையில நூத்துக்கு எவ்வளவு மாவா வருதுங்கற எண் அது. அதுக்கு ‘பிரித்தெடுப்பு வீதம்’னு இங்க ஒரு ஐயா சொன்னது அகராதிப்படி சரியா இருக்கலாம், இருந்தாலும் என்னால ஒத்துக்க முடியல. பிரித்தெடுப்புன்னதும் வேதியியல் லேப் தான் ஞாபகம் வருது, இலையிலேருந்து எண்ணெய் எடுக்கறது, தாதுவிலேருந்து உலோகம் எடுக்கறது மாதிரி. இங்க அளக்கறது அது இல்ல. 100 கிலோ கோதுமை கல்லுக்குள்ள போனா எத்தனை கிலோ மாவா நமக்குக் கிடைக்குது, அவ்வளவுதான் கேள்வி. வீட்டுல அரைச்சு ஒண்ணும் சலிக்காம அப்படியே ரொட்டி சுடறவங்களுக்கு அது 100. அவங்க எதையும் பிரிக்கவும் இல்ல எடுக்கவும் இல்லையே, அப்புறம் ‘பிரித்தெடுப்பு 100 சதவீதம்’னு எழுதினா படிக்கறவங்க என்னத்த நினைப்பாங்க?

நம்ம ஊர்ல இந்தக் கணக்குக்கு ஏற்கனவே ஒரு சொல் புழங்குது. களத்துல கதிரடிச்சு, தூத்தி, அளந்து பார்த்தப்புறம் கையில நிக்கற விளைச்சலுக்குக் கண்டுமுதல்னு பேரு. “இந்தப் போகம் கண்டுமுதல் எப்படி”ன்னு கேக்கறது வெள்ளாமை பேசற வீடுகள்ல சாதாரணம். அதோட வினைச்சொல்லும் நம்ம வாயில தினம் வருது, ஒரு மூட்டை நெல்லுக்கு எவ்வளவு அரிசி காணும், ஒரு படி அரிசிக்கு எத்தனை இட்லி காணும்னு கேக்கறோம்ல, அந்தக் ‘காணும்’ தான். பெயரும் வினையும் சேர்ந்தே கிடைக்கற சொல்லை விட்டுட்டு புதுசா ஒண்ணு எதுக்குக் கட்டணும்? அதனால ‘மாவுக் கண்டுமுதல்’. பேசும்போது “இந்தச் சல்லடையில 85 காணும்”னா முடிஞ்சுது.

கண்டுமுதல்ங்கறது வயலோட கணக்கு, ஆலைக்குள்ள அதைக் கொண்டுபோறது நீட்டி இழுக்கறதுன்னு ஒரு ஆட்சேபம் வந்திருந்துது. முன்னாடி ‘மாவு’ன்னு போட்டுட்டா குழப்பம் எங்க வரும்? அரிசி ஆலையில இதே கணக்கு அரசாங்கமே வச்சிருக்கறதுதான், கொள்முதல் நெல்லை அரவைக்குக் குடுக்கும்போது 100 கிலோவுக்குப் பச்சரிசின்னா 67, புழுங்கல்னா 68 கிலோ திருப்பித் தரணும்னு விதி. அதையும் ‘அரிசிக் கண்டுமுதல்’னு சொல்லிக்கலாம், ஒரே குடும்பச் சொல்லா நிக்கும். ஒரு வித்தியாசம் மட்டும் மனசுல வச்சுக்கணும், நெல்லுல உமியும் சேர்ந்து கழியுது, சாதாரண ரொட்டிக் கோதுமையில அடிக்கும்போதே உமி போயிடறதால கணக்கு மணியிலேருந்தே ஆரம்பிக்கும். கப்லின்னு மகாராஷ்டிராவுல சொல்ற எம்மர் மாதிரி சில பழைய கோதுமை வகைகள் விதிவிலக்கு, அடிச்சாலும் உமி விடாது, தனியா உமி நீக்கணும், அதுக்குக் கண்டுமுதல் எழுதும்போது உமியோடவா இல்லாமலான்னு சொல்லிடறது நல்லது.

இந்தச் சொல்லுக்காக நான் இவ்வளவு மல்லுக்கு நிக்கறதுக்குக் காரணம் இருக்கு. ரொட்டி எப்படி வரும்ங்கறதை முன்கூட்டியே சொல்ற எண் இது. கோதுமை மணியில உள்ள இருக்கற வெள்ளைப் பகுதி, பள்ளிப் புத்தகத்துல கருவூண்னு இருக்கறது, எடையில ஏறக்குறைய 83 சதவீதம். தவிடு 14 சொச்சம், முளை ரெண்டரை மூணு. உருளை ஆலையில மணியை ஒரேயடியா நொறுக்க மாட்டாங்க, பிளந்து, உள்ள இருக்கறதைச் சுரண்டி, சலிச்சு, திரும்ப அடுத்த உருளைக்கு விட்டு, இப்படியே பல கட்டம் போய் வெள்ளை மாவு 70லேருந்து 75 வரைக்கும் காணும். தவிடும் முளையும் ஒதுங்கிடும். முளையிலதான் எண்ணெய் இருக்கு, அது போயிட்டா மாவு மாசக்கணக்குல கெடாது, கடைக்காரருக்கு அது வசதி. வீட்டுக் கல்லுல அரைக்கும்போது முளையும் நசுங்கி மாவோட கலந்துடறதால வாசனை தூக்கலா இருக்கும், ஆனா சிக்கு வாடை சீக்கிரம் வந்துடும், அன்னன்னைக்கு வேண்டியதை மட்டும் அரைச்சுக்கணும், இல்லேன்னா ஃப்ரீசர்ல வைக்கணும்.

1942ல பிரிட்டன்ல நடந்ததைப் பாருங்க. கோதுமை கப்பல்ல வரணும், கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடிச்சுக்கிட்டிருந்தாங்க, அரசாங்கம் நாடு முழுக்க மாவுக் கண்டுமுதலை 85க்கு ஏத்திடுச்சு. அதே கோதுமையில கூடுதல் ரொட்டி, கப்பல்ல இடமும் மிச்சம். நிறம் மங்கின அந்த ரொட்டிக்கு நேஷனல் லோஃப்னு பேரு, ஜனங்களுக்குப் பிடிக்கல, ஆனா அதைத்தான் சாப்பிட்டாங்க. ஒரு நாட்டோட சாப்பாட்டையே மாத்தின எண்ணுக்குத் தமிழ்ல வாயில நுழையற மாதிரி ஒரு பேர் வேணாமா?

இப்ப வீட்டுக்கு வரேன். கல்லு மில் வச்சிருக்கறவங்களுக்குத் தெரியும், காலியா ஓடவிட்டு ரெண்டு கல்லும் லேசா உரசற சத்தம் கேக்கற வரைக்கும் திருகிட்டு, ஒரு இழை பின்னுக்கு விட்டு, அப்புறம்தான் மணியைக் கொட்டணும். விழற மாவை ஆள்காட்டி விரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவுல வச்சுத் தேய்ச்சா ரவை மாதிரி நெருடக்கூடாது. அதை 40 மெஷ் (ஒரு அங்குலத்துக்கு 40 கண்) சல்லடையில சலிச்சா மேல செம்பழுப்பா தவிட்டுச் செதில் நிக்கும், ஒரு செதிலை எடுத்துத் திருப்பிப் பாருங்க, உள்பக்கம் வெள்ளையா மாவு ஒட்டிக்கிட்டிருக்கும். மேல நிக்கற அந்தக் கப்பியைத் திரும்ப ஒருதரம் கல்லுல விட்டுச் சலிச்சா கண்டுமுதல் இன்னும் ஏறும், நிறமும் கொஞ்சம் ஏறும். கிலோ கோதுமைக்கு 150 கிராம் மேல நின்னா கண்டுமுதல் 85. கோதுமை ஈரமா இருந்தா தவிடு பெருசு பெருசா கழண்டு வரும், பெரிய ஆலையில அதுக்குன்னே தண்ணி தெளிச்சு ஊறவைப்பாங்க, வீட்டுக் கல்லுல அதைச் செய்யாதீங்க, கல்லு மேல மாவு மெழுகிப் படிஞ்சுடும், அப்புறம் அரைபடாது.

அந்த 85ல சுட்டா ரொட்டி நல்லா எழும்பும். 100ல தவிட்டோட கூர் முனை, மாவுக்கு இழுவை குடுக்கற குளூட்டன் புரதத்தைக் கிழிக்கறதால உயரம் குறையும், தண்ணியும் அதிகம் குடிக்கும், அதனால பிசையறதுக்கு முன்னாடி அரைமணி ஒரு மணி நேரம் வெறும் தண்ணியில மாவை ஊறவிடறது அவசியம். சலிச்ச தவிட்டைக் கொதிதண்ணியில ஊறவச்சு ஆறினப்புறம் மாவுல திரும்பச் சேர்க்கறவங்களும் உண்டு, அப்ப கண்டுமுதல் மறுபடி 100 தான். இந்த ஊருக்கு இன்னொண்ணு சொல்லணும், கல்லுலேருந்து மாவு சூடாதான் வரும், சென்னை வெயில்ல அதை அப்படியே பிசைஞ்சா நேரத்துக்கு முன்னாடியே புளிச்சுடும், ஐஸ் தண்ணி ஊத்துங்க.

ஒரு எச்சரிக்கையும் இருக்கு, கலைச்சொல்லோட விளக்கத்துல இதைச் சேர்த்தே ஆகணும்னு நினைக்கறேன். வீட்டுச் சல்லடையில வந்த 85ம் உருளை ஆலையோட 85ம் ஒண்ணு இல்ல. நம்மதுல முளையும் பொடிஞ்ச தவிடும் சல்லடைக் கண்ணு வழியா மாவோட இறங்கியிருக்கும். ஜெர்மனியில கண்டுமுதலை வச்சு மாவைப் பேர் சொல்றதில்ல, மாவை எரிச்சா மிஞ்சற சாம்பலை வச்சுச் சொல்றாங்க. டைப் 405ன்னா 100 கிராம் மாவுக்கு ஏறக்குறைய 405 மில்லிகிராம் சாம்பல், டைப் 1050 அதைவிடத் தவிடு கூடினது, முழு மாவுக்கு நம்பரே கிடையாது. பிரான்ஸோட டி 55, டி 80, டி 150 எல்லாமும் சாம்பல் கணக்குதான். அதுக்குச் ‘சாம்பல் எண்’ன்னு தனியா ஒரு சொல் வச்சுக்கலாம், ரெண்டையும் போட்டுக் குழப்பிக்க வேண்டாம்.

அப்ப என் பரிந்துரை: எக்ஸ்ட்ராக்‌ஷன் ரேட் மாவுக் கண்டுமுதல், சலிச்சு மேல நிக்கறது கப்பி, அதுலேருந்து மாவெல்லாம் உதிர்ந்தப்புறம் மிஞ்சறது தவிடு. முழுசா அரைச்சது ‘முழுமாவு’, பாதி சலிச்சதுக்கு எண்ணைச் சேர்த்து ‘85 மாவு’, ‘90 மாவு’. ‘ஹை எக்ஸ்ட்ராக்‌ஷன் ஃப்ளவர்’னு தனியா ஒரு சொல் தேவைப்படாது.

இலங்கைக்காரங்க ‘மா’ன்னுதான் எழுதறாங்க, கோதுமை மா, குரக்கன் (கேழ்வரகு) மா. அவங்களுக்கு ‘மாக் கண்டுமுதல்’ ஒத்துவருமா, கண்டுமுதல்ங்கற சொல் யாழ்ப்பாணம் வன்னிப் பக்கம் புழக்கத்துல இருக்கா, வேற சொல் ஏதாவது சொல்றாங்களான்னு அந்தப் பக்கத்து நண்பர்கள் சொல்லுங்க. அங்க வேற நல்ல சொல் இருந்தா அதையும் இணைச்சொல்லா போட்டுடலாம்.