புது உப்புத்தண்ணி டேங்க்ல நான் விடாத உயிரெல்லாம் சுத்துது, இதெல்லாம் என்னனு சொல்லுங்க

புதுஅலை:
எல்லாருக்கும் வணக்கம். உப்புத்தண்ணி டேங்க் இதுதான் எனக்கு முதல் தடவை. லைவ் ராக் (சின்ன உயிரெல்லாம் ஒட்டி வாழுற கடல் பாறை) போட்டு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, உள்ள ஒரு ஜோடி க்ளௌன் ஃபிஷ் மட்டும் தான். ஆனா ராத்திரி லைட் அணைஞ்சப்புறம் டார்ச் அடிச்சா வேற உலகமா இருக்கு, பிங்க் கலர்ல ஒரு புழு, ரெண்டு பக்கமும் வெள்ளை முடி, விரல் நீளம் இருக்கும், வெளிச்சம் பட்டதும் ஓட்டைக்குள்ள போயிடுது. அப்புறம் ராக் இடுக்குல பழுப்பா, கண்ணாடி போல தெரியுற ஒரு சின்ன பூ, குச்சியால தொட்டா சட்டுனு சுருங்கி மறைஞ்சிடுது, முதல்ல ஒண்ணு தான் இருந்துச்சு இப்ப பக்கத்துலயே இன்னும் ரெண்டு மூணு. கிளாஸ்ல வெள்ளையா சுருண்ட புள்ளிங்க, கூடவே துள்ளி ஓடுற பொடிப் புள்ளிங்களும். பச்சையா பளபளனு குண்டு குண்டா ஏதோ முளைக்குது, மணல் மேல பழுப்புத் தூசி வேற. மீனுக்கு ஏதும் ஆயிடுமோனு பயமா இருக்கு. ராக்கை எல்லாம் எடுத்து கொதிக்கவெச்சுட்டா சரியாயிடுமா?

பவளக்காவல்:
கொதிக்க மட்டும் வெச்சிடாதீங்க!! மத்ததெல்லாம் அப்புறம், இதை முதல்ல படிங்க. ராக்ல ஸோவாந்திட், பாலித்தோவானு பவளம் மாதிரி ஒட்டி வளர்ற உயிருங்க இருந்தா அதுல பாலிடாக்சின்னு ஒரு விஷம் இருக்கலாம், சூடு பண்ணினாலும் அது அழியாது, ஆவியோட காத்துல கலந்து மூச்சுல போயிடும். ராக்கை வேகவெச்சு வீட்ல இருந்த எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போன கதையெல்லாம் நடந்திருக்கு. வெந்நீர் ஊத்தி பிரஷ் போட்டுத் தேய்க்கிறதும் வேண்டாம்.

சிப்பிமணல்:
மேல சொன்னது நூத்துக்கு நூறு. இப்ப ஒவ்வொண்ணா வரேன். புழு பிரிஸ்டில் வோர்ம், பூரான் மாதிரி இருக்கிறதால பயந்துட்டீங்க, ஆனா மீதி சாப்பாட்டையும் செத்ததையும் தின்னு மணலைச் சுத்தமா வெக்கிறதே இதுங்க தான், கூடுதலா பெருகினா நீங்க சாப்பாடு அதிகமா போடுறீங்கனு அர்த்தம். வெறும் கையால மட்டும் தொடாதீங்க, முடி தோல்ல குத்தி எரியும், குத்திட்டா டேப் ஒட்டி பிச்சு எடுக்கணும். வெள்ளைச் சுருள் ஸ்பைரோர்பிட், ஓட்டுக்குள்ள இருந்து தண்ணிய வடிகட்டித் தின்னுற குட்டிப் புழு. துள்ளுறது கோபிபாட், இறால் இனத்துப் பொடி உயிர், அது வந்தா சந்தோஷப்படுங்க, மீனுக்கு இலவச சாப்பாடு. பழுப்புத் தூசி டயாட்டம்னு ஒரு நுண்பாசி, புது டேங்க்ல தண்ணில இருக்கிற சிலிக்காவைத் தின்னு வளரும், தீர்ந்ததும் தானா போயிடும். பச்சைக் குண்டு பபிள் ஆல்கா, வலோனியானு ஒரு பாசி, ஒவ்வொரு குண்டும் ஒரே ஒரு செல் தான், நம்ப முடியுதா? உடைக்காம அடியோட பெயர்த்து, அப்பவே ட்யூப்ல உறிஞ்சி எடுத்துடுங்க.

நிஜமா கவலைப்பட வேண்டியது அந்தப் பழுப்புப் பூ தான். ஐப்டேசியா, ஒரு வகை கடல் சாமந்தி. கிள்ளி எடுக்கவோ சுரண்டவோ கூடாது, ஒட்டியிருக்கிற சின்னத் துண்டுல இருந்தே புதுசா முளைச்சிடும், பவளத்தைக் கொட்டி எரிக்கும். கால்சியம் ஹைட்ராக்சைடைக் குழைச்சு, பம்பை நிறுத்திட்டு, சிரிஞ்சால மெதுவா அது வாய் மேல வெச்சு மூடுங்க. கையில கிளவுஸ், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். ஒரே நாள்ல நிறைய போட்டா பிஹெச் (தண்ணியோட காரத்தன்மை) எகிறிடும், அதனால ரெண்டு மூணா பண்ணுங்க.

புதுஅலை:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும், ராக்கைத் தொடல. ஐப்டேசியாவைத் தின்ன பெப்பர்மின்ட் இறால் விடலாம்னு படிச்சேன், அது சரியா வருமா?

பவளக்காவல்:
வரும், ஆனா எல்லா இறாலும் தின்னாது, சிலது மீன் சாப்பாட்டையே பாத்துட்டு உக்காந்திருக்கும். அதைவிட முக்கியம் வாங்கறப்ப ஏமாறாதீங்க, கேமல் இறாலையும் அதே பேர்ல வித்துடுவாங்க. பெப்பர்மின்ட் உடம்பு கண்ணாடி போல இருக்கும், மெல்லிசா சிவப்புக் கோடு. கேமலுக்கு சிவப்போட வெள்ளைக் கோடும் புள்ளியும் பளிச்சுனு தெரியும், முதுகு கூன் விழுந்திருக்கும், அது பவளத்தையே தின்னுடும். பெர்கியான்னு ஒரு கடல் நத்தையும் உண்டு, அதுக்கு ஐப்டேசியாவைத் தவிர வேற சாப்பாடே கிடையாது, அதனால எல்லாம் தீர்ந்ததும் பட்டினில செத்துடும், அதுக்கு முன்னாடியே வேற யாருக்காவது குடுத்துடணும்.

புதுஅலை:
புரிஞ்சுதுங்க. இன்னொண்ணு கேக்க மறந்துட்டேன், சில ராத்திரி ராக்குள்ள இருந்து டக்கு டக்குனு சத்தம் வருது, பம்ப் சத்தம் இல்ல, அது என்னவா இருக்கும்?

சிப்பிமணல்:
பிஸ்டல் இறாலோ மான்டிஸ் இறாலோ இருக்கலாம், சத்தத்தை மட்டும் வெச்சு சொல்ல முடியாது. பிஸ்டலுக்கு ஒரு கொடுக்கு மட்டும் பெருசா இருக்கும், பெரும்பாலும் தொந்தரவு இல்ல. மான்டிஸ்னா காம்பு மேல நிக்கிற கண்ணு ரெண்டும் தனித்தனியா திரும்பும், அது மீன், நண்டு, நத்தைனு வேட்டையாடும், கையை உள்ள விட்டா கிழிச்சிடும். டார்ச்ல சிவப்பு பேப்பர் ஒட்டிப் பாருங்க, சிவப்பு வெளிச்சத்துல அவ்வளவா ஒளிஞ்சுக்காது. ஓட்டை எங்க இருக்கு, கண்ணு எப்படி இருக்குனு பாத்து எழுதுங்க, அதுவரைக்கும் அந்த ராக் பக்கம் கை விடாதீங்க.