ஐஸ்லாந்துல மக்கள் ஓட்டுப் போட்டும் புது அரசியலமைப்பு ஏன் வரல?

வைகைக்கரை:
2008ல பேங்க் எல்லாம் கவுந்த பிறகு ஐஸ்லாந்து ஜனங்களே புது அரசியலமைப்பு எழுதுனாங்க, 2012ல வாக்கெடுப்புல மூணுல ரெண்டு பங்கு பேர் சரின்னுட்டாங்க, ஆனா இன்னமும் 1944 சட்டம்தான் அங்க ஓடுது. மக்களே சொன்னதுக்கப்புறம் கவர்மென்ட் எப்படிங்க அதை ஓரங்கட்ட முடியுது?

சட்டக்கல்லூரி:
முதல்ல அந்த ஓட்டு வெறும் ஆலோசனைக்குத்தான் தோழர், அரசைக் கட்டுப்படுத்தாது. வரைவு எழுத 25 பேரைத் தேர்ந்தெடுக்க 2010 நவம்பர்ல எலெக்‌ஷன் வெச்சாங்க, 522 பேர் நின்னாங்க, நடத்துன விதத்துல குறை இருக்குன்னு சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணிடுச்சு, உடனே பார்லிமென்ட் கிட்டத்தட்ட அதே ஆட்களை கவுன்சில்னு நியமிச்சுது. அவங்களும் எழுத எழுத நெட்ல போட்டு, ஃபேஸ்புக்ல வந்த கருத்தெல்லாம் வாங்கி, 2011 ஜூலைல 114 பிரிவோட கொடுத்துட்டாங்க. சிக்கலே இனிமேதான். அங்க அரசியலமைப்பை மாத்தணும்னா பார்லிமென்ட் பாஸ் பண்ணி, தேர்தல் நடந்து, புதுசா வர்ற பார்லிமென்ட்டும் மறுபடி அப்படியே பாஸ் பண்ணணும். 2013 தேர்தலுக்கு முன்னாடி இந்த வரைவு ஓட்டுக்கே வரல, அந்தத் தேர்தல்ல ஜெயிச்ச கட்சிகளுக்கு இதுல இஷ்டமும் இல்ல. பாதிப் பேர் கூட ஓட்டுப் போட வரலையேன்னு ஒரு சாக்கு வேற கிடைச்சுது. இயற்கை வளம் நாட்டுக்கே சொந்தம்ங்கிற பிரிவுக்கு மட்டும் 80 சதவீதத்துக்கு மேல ஆதரவு, மீன்பிடி கோட்டாவை, அதாவது இவ்வளவு மீன் பிடிக்கலாம்ங்கிற உரிமையைக் கையில வெச்சிருக்கிற கம்பெனிகளுக்கு அது எப்படிப் பிடிக்கும் சொல்லுங்க.

டப்ளின்வாசி:
இங்க அயர்லாந்துல அரசியலமைப்புல எதை மாத்தணும்னாலும் வாக்கெடுப்பு கட்டாயம், அதோட தீர்ப்புதான் கடைசி. அரசியலமைப்புல எதை மாத்தலாம்னு பேச 2012ல ஆரம்பிச்ச மாநாட்டுல குலுக்கல்ல எடுத்த 66 பொதுமக்களும் 33 அரசியல்வாதிகளும் சேர்ந்து உக்காந்தாங்க, ஒவ்வொரு பரிந்துரைக்கும் 4 மாசத்துல பதில் சொல்றதா அரசு வாக்கு கொடுத்துச்சு. அப்படித்தான் 2015ல ஒரே பாலினத் திருமணம் 62 சதவீதத்துல ஜெயிச்சுது. ஆனா ஓட்டு வயசை 16 ஆக்கணும்னு அதே மாநாடு சொன்னதை அப்படியே ஆறப் போட்டுட்டாங்க. 2024 மார்ச்ல இன்னும் மோசம், வீட்டுல பராமரிப்பு வேலை பாக்குறவங்களுக்கு அரசு கைகொடுக்கணும்னு மக்கள் மன்றம் (குலுக்கல்ல எடுத்த பொதுமக்கள் சபை) கேட்டதை, 'முயற்சி செய்யும்'ங்கிற மாதிரி நீர்க்க வெச்சு ஓட்டுக்கு விட்டாங்க, 73.9 சதவீதம் பேர் வேண்டாம்னுட்டாங்க. எங்க தெருவுல மாற்றுத்திறனாளி புள்ளைய வளக்குற ஒரு அம்மா, "இந்த வாசகத்தால எனக்கு ஒரு பைசாவுக்குப் பிரயோஜனம் இல்ல"ன்னு சொல்லிட்டு எதிர்த்துத்தான் போட்டாங்க. மக்கள் கேட்டதையே போட்டிருந்தா நிலைமை வேற மாதிரி இருந்திருக்கும்னு நான் நம்புறேன்.

வைகைக்கரை:
அப்போ மக்கள் எழுதிக் கொடுத்த வாசகத்துல யார் கை வைக்கலாம், எத்தனை நாள்ல பதில் வரணும், இந்த ரெண்டையும் முன்னாடியே சட்டத்துல எழுதி வாங்கணும்னு புரியுது. ஐஸ்லாந்துக்காரங்க இப்ப விட்டுட்டாங்களா?

சட்டக்கல்லூரி:
எங்க விட்டாங்க! 2020ல 'புது அரசியலமைப்பு எங்கே'ன்னு ரெய்க்யவிக்ல ஒரு சுவத்துல எழுதினாங்க, அரசு தரப்புல அதைக் கழுவிட்டாங்க, உடனே அதைவிடப் பெருசா திரும்ப எழுதினாங்க. நாலு லட்சம் பேர் கூட இல்லாத நாடு, அந்த அக்டோபர்ல 43,000 கையெழுத்துக்கு மேல பிரதமர்கிட்ட கொடுத்தாங்க. அதுக்கப்புறமும் பார்லிமென்ட் அந்த வரைவை நிறைவேத்தல.