ஒளிவாள் செய்தவர்களே, எல்இடி விஷயத்தில் நீங்கள் மறக்க முடியாதது எது?

ஆண்டுவிழா அப்பா

மகளின் பள்ளி ஆண்டு விழா முடிந்து ஒரு வருடம் ஆகிறது. நாடகத்தில் அவள் நான் செய்த ஒளிவாளோடு, அதாவது குழாய் ஒளிரும் பொம்மை வாளோடு நின்ற அந்த நாலு நிமிடம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய 3 வாட் சிவப்பு ஸ்டார் (அறுகோணத் தகட்டில் பதித்த எல்இடி), 18650 என்கிற லித்தியம் செல் ஒன்று, கத்திக்குப் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் குழாய். கைப்பிடி முழுக்க பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்டர் வைத்து நானே அச்சடித்தது. ஸ்டாரை அந்தப் பிளாஸ்டிக் மேலேயே பசை வைத்து ஒட்டிவிட்டேன். முந்தைய இரவு விளக்கை அணைத்துவிட்டு அரை நிமிடம் எரித்துப் பார்த்தோம். சுவரெல்லாம் சிவந்தது. சரி, இது போதும் என்று படுத்துவிட்டேன்.

மேடையில் அவள் அதை அணைக்கவே இல்லை. கடைசி வசனத்துக்கு வாளை உயர்த்தினாள். கைப்பிடிக்கு மேலே ஒரு ஜாண் மட்டும் சிவப்பு, அதற்கு மேல் வெறும் குழாய். வாய் வசனத்தைச் சொல்கிறது, கண் நுனியையே பார்க்கிறது. மூன்றாவது வரிசையில் இருந்த எனக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து திறந்தால், ஸ்டார் தன் அறுகோணத்தைப் பிளாஸ்டிக்கில் முத்திரை மாதிரிப் பதித்து ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. எரிய எரிய ஸ்டார் சூடாகும், பிஎல்ஏ 60 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

ஈயப்புகை

எனக்குச் சூடு வேறு இடத்தில் வந்தது. நண்பனுக்குச் செய்த சிவப்பு வாளைப் பையில் வைத்து, பேருந்தில் மடிமேல் வைத்திருந்தேன். சுவிட்ச் எதிலோ பட்டு எரிந்திருக்கிறது. முன் இருக்கை அம்மா திரும்பி, "தம்பி, உன் பையில என்னப்பா கருகுது?" என்றார். கண்டக்டர் விசில் அடித்து வண்டியை நிறுத்திவிட்டார். உள்ளே, கரண்டைக் கட்டுப்படுத்தப் போட்டிருந்த கால் வாட் ரெசிஸ்டர் கரிக்கட்டை.

யாருக்காவது உதவும், கணக்கைப் போட்டுவிடுகிறேன். முழு சார்ஜில் 18650 செல் 4.2 வோல்ட். சிவப்பு எல்இடி அதில் 2.2 வோல்ட் அளவுக்கு எடுத்துக்கொள்ளும். மிச்சம் 2 வோல்ட்டையும் ரெசிஸ்டர்தான் தாங்க வேண்டும். 700 மில்லியாம்ப் ஓட வேண்டுமென்றால் 2.9 ஓம் வருகிறது, கடையில் 3 அல்லது 3.3 ஓம் கேளுங்கள். அதில் சூடாகப் போவது 1.4 வாட் வரை. அதனால் குறைந்தது 3 வாட் தாங்குகிற ரெசிஸ்டர் வேண்டும், சின்னச் செங்கல் மாதிரி வெள்ளையாக இருக்குமே அது. நீலமும் பச்சையும் 3 வோல்ட்டுக்குப் பக்கத்தில் எடுப்பதால் அதற்கு 1.8 ஓம் போதும். அதையே சிவப்புக்குப் போட்டால் கரண்ட் 1 ஆம்பியரைத் தாண்டிவிடும், எல்இடி நிலைக்காது. ஒரே செல்லில் இரண்டு ஸ்டாரை பேரலலாக (பக்க இணைப்பில்) போடுகிறவர்கள் இரண்டுக்கும் தனித்தனி ரெசிஸ்டர் போடுங்கள். ஒன்றையே பொதுவாகப் போட்டால் ஒரு எல்இடி அதிகக் கரண்டை இழுத்துச் சூடாகி, இன்னும் அதிகம் இழுக்கும். செல் பாதுகாப்புச் சுற்று உள்ளதாக இருக்கட்டும். பயணத்தில் செல்லைக் கழற்றி பிளாஸ்டிக் டப்பாவில் தனியாக வையுங்கள். இதை மட்டுமாவது செய்யுங்கள்.

பச்சை வாள்

ஈயப்புகை அண்ணா, கணக்கு சரி. ஆனால் எல்லாரும் வாட், ஓம் என்றே பேசுகிறீர்கள். என் வருத்தம் நிறத்தில்.

எனக்குப் பச்சை, தம்பிக்குச் சிவப்பு. இரண்டும் 3 வாட், ஒரே கரண்ட். கடைக்காரர் தம்பிக்கு 660 நானோமீட்டர் அலைநீள ஆழ்சிவப்பு எடுத்துக் கொடுத்து, "இதுதான் பவர் ஜாஸ்தி" என்றார். செடி வளர்க்கும் விளக்குகளில் போடுகிற எல்இடி அது. ஒரு நாள் ராத்திரி கரண்ட் போனதும் இருவரும் தெருவுக்கு ஓடினோம். என் வாள் வெளிச்சம் எதிர்வீட்டுத் திண்ணை வரை போனது. தம்பி தன் வாளை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "அண்ணா, என்னுது எரியுதா?" என்றான். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. நான் என்ன சொல்வது? "எரியுதுடா" என்றேன்.

மனிதக் கண்ணுக்கு 555 நானோமீட்டர் பச்சைதான் மிகப் பிரகாசம். 660 கண்ணுக்கு ரொம்ப மங்கலாகத்தான் தெரியும். அதே ஒளித்திறனுக்கு 625 சிவப்பு, 660-ஐவிட ஐந்து மடங்கு பளிச்சென்று தெரியும். அது தெரிந்திருந்தால் 625 என்று கேட்டே வாங்கியிருப்பேன்.

வெள்ளை எல்இடி மேல் சிவப்புத் தாள் சுற்றுகிறவர்களுக்கும் சொல்கிறேன்: வெள்ளை எல்இடி என்பது நீல எல்இடிச் சில்லின் மேல் பாஸ்பர் என்கிற மஞ்சளாக ஒளிரும் பொருளைப் பூசியது, சிவப்பே அதில் குறைவு. தாள் வடிகட்டியதும் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

சிங்கை பட்டறை

ஒற்றை எல்இடியோடு ஏன் இத்தனை போராட்டம்? மீட்டருக்கு 144 எல்இடி, ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உள்ள பட்டையைக் குழாய்க்குள் விட்டால் அடியிலிருந்து நுனி வரை ஒரே வெளிச்சம். நான் இங்கே சிங்கப்பூர் சிம் லிம் டவரில் வாங்கி, 80 சென்டிமீட்டருக்கு இரண்டு பக்கமும் போட்டேன். முதல் தடவை முழு வெள்ளையில் எரித்தபோது அடி வெள்ளை, நடு மஞ்சள், நுனி செம்மஞ்சள். ஒன்றுக்கு 60 மில்லியாம்ப் என்றால் 230 எல்இடிக்கு 13 ஆம்பியருக்கு மேல் வருகிறது. மெல்லிய செம்பில் வோல்ட் விழுந்துவிடுகிறது, நீலம் முதலில் சோர்கிறது. அந்த நிறம் எனக்குச் சாயங்கால வானம் மாதிரிப் பட்டது, மாமா பையன் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு தடித்த வயர் போட்டுச் சரிசெய்தேன்.

குழாய் நாகர்கோவில்

சிங்கை நண்பரே, பார்க்கப் பட்டைதான் அழகு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைக் குழந்தைகள் கையில் கொடுத்துப் பார்த்தீர்களா? என் பட்டை வாள் இரண்டாவது மோதலிலேயே நடுவில் ஈயம் விட்டுப்போய், அதற்கு மேல் இருட்டு. ஒற்றை ஸ்டார் வாளில் குழாய்க்குள் உடைய எதுவும் இல்லை.

ஆண்டுவிழா அப்பா, நீங்கள் லென்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே? வெறும் ஸ்டார் 120 டிகிரிக்கு ஒளியைச் சிதறடிக்கும், பாதி கைப்பிடிக்குள்ளேயே வீணாகும். 10 டிகிரி லென்ஸ் வைத்தால் நுனி வரை போகும். நுனியில் முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒரு சின்ன வட்டத் துண்டை ஒட்டினால் அங்கிருந்து திரும்பியும் வரும். ஸ்டார் சாய்ந்ததும் ஒளி குழாய்ச் சுவரில் முட்டி அடியிலேயே தீர்ந்திருக்கிறது. தவிர, சிவப்பு எல்இடி சூடானால் நீலத்தைவிட வேகமாக மங்கும். குழாய் இல்லாமல் ஸ்டாரை எரித்து நேராகப் பார்க்கவும் விடாதீர்கள், குழந்தைகள் கண்.

ஆண்டுவிழா அப்பா

லென்ஸ் வைக்கவில்லை, உண்மைதான். இப்போது வைத்துவிட்டேன். லேத் பட்டறையில் ஒரு அங்குல அலுமினியக் கட்டை கடைந்து வாங்கி, வெப்பம் கடத்தும் பசை தடவி, ஸ்டாரை அதில் திருகி இறுக்கினேன். பத்து நிமிடம் தொடர்ந்து எரித்தேன். கட்டை சுடுகிறது, ஆனால் கை வைக்க முடிகிறது.

இந்த வருடம் அவளுக்கு வாள் வேடம் கிடையாது, பாட்டுக் குழுவில் நிற்கிறாள். ஆனாலும் செய்தேன். நேற்று இரவு மொட்டை மாடியில் கொடுத்தேன். கையில் வாங்கியதும் முதலில் நுனியைத்தான் பார்த்தாள். அப்புறம் போன வருட வசனத்தை முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள்.