ஹர்லர் நோய்க்குத் தொப்புள்கொடி இரத்தம் பயன்படுமா?

கேள்வி (சுங்கை சிப்புட்):
என் அக்காவின் 14 மாத மகனுக்கு ஹர்லர் நோய் (உடலுக்குத் தேவையான ஒரு நொதி சுரக்காத பரம்பரை நோய்) என உறுதியாகியுள்ளது. உட்காரும்போது முதுகெலும்பு புடைத்துத் தெரிகிறது. விரல்களை முழுமையாக நீட்ட இயலவில்லை. அக்கா மீண்டும் கருவுற்றிருக்கிறார். அந்தப் பிள்ளையின் தொப்புள்கொடி இரத்தத்தைப் பணம் கட்டிச் சேமித்தால் மூத்தவன் குணமடைவான் என்று ஒரு முகவர் தோட்டத்து வீட்டுக்கே வந்து வற்புறுத்துகிறார். நம்பலாமா?

பதில் (செவிலியர், ஈப்போ):
சகோதரி, சிகிச்சை உண்மையானதுதான். 1988-இல் பாரிஸில், ஃபான்கோனி இரத்தசோகை என்ற பரம்பரை எலும்புமஜ்ஜை நோய் கொண்ட சிறுவனுக்கு அவன் தங்கையின் தொப்புள்கொடி இரத்தமே முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. ஹர்லர் நோயில், தொப்புள்கொடி இரத்தத்தின் மூல உயிரணுக்களிலிருந்து உருவாகும் கொடையாளரின் உயிரணுக்கள் சுரக்கும் அந்த நொதியைக் குழந்தையின் மற்ற உயிரணுக்கள் உள்வாங்கிக்கொள்கின்றன. ஆனால் இளைய பிள்ளைக்கும் இந்நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அண்ணனோடு திசு முழுமையாகப் பொருந்தவும் நான்கில் ஒரு வாய்ப்பே. இதை மறைத்துப் பணம் கேட்பது எனக்கு மிகுந்த வேதனை அளிக்கிறது.

பதில் (ஒரு தந்தை, பீடோர்):
அம்மா, பிரசவம் வரை காத்திருக்க வேண்டாம். இச்சிகிச்சை இரண்டு வயதுக்கு முன் நடந்தால்தான் அறிவு வளர்ச்சியைப் பெரிதும் காக்க முடியும் என்பதால், உறவினரல்லாத கொடையாளரையும் இப்போதே தேடச் சொல்லுங்கள். எங்கள் மகள் இன்று பள்ளிக்குச் செல்கிறாள். ஆயினும் எலும்புக் குறைகள் முழுமையாக நீங்காததால் முதுகில் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. கோலாலம்பூர் பொது மருத்துவமனையின் மரபியல் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்; கருவிலிருக்கும் பிள்ளைக்கான பரிசோதனையைப் பற்றியும் அங்கேயே விசாரியுங்கள்.