சர்வோ வால்வு: 'ஏவுமடை' எனலாமா?

> ஹைட்ராலிக் முறையில், அதாவது எண்ணெய் அழுத்தத்தால், நடக்கும் ரோபோக்கள் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். உருளை, உந்துதண்டு, எக்கி எல்லாம் கிடைத்துவிட்டன. சர்வோ வால்வுக்குத்தான் சொல் அகப்படவில்லை. 'பணிவால்வு' சரியாக இருக்குமா ஐயா?

வணக்கம்.

'பணிவால்வு' எனக்கு ஒட்டவில்லை. பணி என்றால் வேலை. எந்த வால்வுதான் வேலை செய்யாமல் இருக்கிறது? முதலில் அந்தப் பொருள் ரோபோவின் காலில் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

பாஸ்டன் டைனமிக்ஸ் நிறுவனத்தின் பிக்டாக் என்ற நாலுகால் ரோபோவை எடுத்துக்கொள்ளுங்கள். 15 குதிரைத்திறன் கொண்ட டூ ஸ்ட்ரோக் எஞ்சின் பம்பை, அதாவது நீங்கள் சொன்ன எக்கியை, சுழற்றுகிறது. அழுத்தமேறிய எண்ணெய் ஒவ்வொரு காலிலும் உள்ள 4 உருளைகளுக்குப் போகிறது. எந்த மூட்டு எப்போது மடங்க வேண்டும் என்பது எஞ்சினுக்கும் தெரியாது, பம்புக்கும் தெரியாது. கணினி சொல்வதைக் கேட்டு எண்ணெயைப் பிரித்துவிடுவது சர்வோ வால்வு. வருவது சில மில்லியாம்பியர் மின்னோட்டம்தான். அது முதல் கட்டத்தில் ஒரு சிறு தகட்டை அசைக்கும். அதனால் எண்ணெய் அழுத்தம் ஒரு பக்கம் கூடி, இரண்டாம் கட்டத்தில் வால்வுக்குள்ளேயே இருக்கும் தண்டை (ஸ்பூல்) நகர்த்தும். தண்டு நகர்ந்த அளவுக்கு வழி திறக்கும். உருளையின் ஒரு பக்கம் எண்ணெய் புக, மறுபக்கத்து எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும். மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் எல்லாம் தலைகீழ். மூட்டிலுள்ள உணரிகள் கோணத்தையும் விசையையும் அளந்து சொல்ல, கணினி வினாடிக்கு 1000 முறை தன் ஆணையைத் திருத்துகிறது.

இத்தனையும் செய்கிற ஒன்றை வெறும் வால்வு என்றால் வீட்டுக் குழாயின் ஞாபகம்தான் வரும். ஏரிப் பாசனத்தில் நீரை அளந்து விடும் வாய்க்கு மடை என்று பெயர். 'மடைமாற்று' என்ற வினையும் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆகவே என் பரிந்துரை, ஏவுமடை. ஏவிய பக்கம், ஏவிய அளவுக்குத் திறக்கும் மடை. 'ஏவல் மடை' என்றும் யோசித்தேன். அது பில்லி சூனியத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறது, விட்டுவிட்டேன்.

ஏவுவது கணினியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 1960களில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ரால்ஃப் மோஷர் உருவாக்கிய நாலுகால் வண்டியில், ஓட்டுநரே தன் கைகளாலும் கால்களாலும் வண்டியின் நான்கு கால்களையும் ஏவினார். வண்டியின் கால் எதிலாவது முட்டினால் அந்த விசையின் சிறு பங்கு அவரிடமே திரும்பி வரும். கொஞ்ச நேரத்தில் ஆள் களைத்துவிடுவார். பின்னாளில் அந்த இடத்துக்குக் கணினி வந்ததில் வியப்பில்லை.

> மடை நீருக்கு உரியது, இங்கே ஓடுவது எண்ணெய். தவிர, பாஸ்டன் டைனமிக்ஸின் மனித வடிவ ரோபோவான அட்லஸே 2024 ஏப்ரலில் ஹைட்ராலிக்கை விட்டு மின்மோட்டாருக்கு மாறிவிட்டது. இந்தச் சொல் எத்தனை நாளைக்கு?

மடை திறந்தாற்போல் பேசினார் என்கிறோம். பேச்சுக்கு வருகிற மடை எண்ணெய்க்கு வராதா?

இரண்டாவது கேள்வி நியாயமானது. மோட்டார் கால்கள் சத்தம் குறைந்தவை, எண்ணெய் ஒழுகாதவை. ஆனால் எடைக்கு எடை பார்த்தால் ஹைட்ராலிக்கின் வலு வேறு. ஜெனோவாவில் உள்ள இத்தாலியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஹைகியூரியல் என்ற நாலுகால் ஹைட்ராலிக் ரோபோ 2019இல் 3 டன்னுக்கு மேற்பட்ட சிறு விமானத்தை இழுத்துக் காட்டியது. ரோபோவே இல்லாமல் போனாலும், விமானத்தின் சிறகு மடிப்புகளை அசைக்கும் இடத்திலும் எஃகு உருட்டாலைகளிலும் இதே வால்வு இருக்கிறது. அங்கேயும் சொல் வேண்டுமே.

கட்டுரை எழுதுகிறவருக்கு ஒன்று. இரண்டு கட்டம் உள்ளதை 'இருநிலை ஏவுமடை' என்று எழுதிவிடாதீர்கள். திறப்பு, மூடல் என இரண்டே நிலை என்று படித்துவிடுவார்கள், பொருளே கவிழ்ந்துவிடும். 'இருகட்ட ஏவுமடை' என்று போடுங்கள். முதலில் வரும் இடத்தில் மட்டும் சர்வோ வால்வு என்பதையும் சேர்த்துவிட்டால் மெக்கானிக்குகளும் படிப்பார்கள்.